பெலே நடந்த வழி: ஹவாய்த் தீவுகளில் நிலத்தின் வயதும் மக்களின் வாழ்வும்

2018 மே 3 அன்று ஹவாய்ப் பெருந்தீவின் கிழக்கு மூலையில் உள்ள லெயிலானி எஸ்டேட்ஸ் என்னும் குடியிருப்பில் நிலம் வெடித்து, அந்த வெடிப்பிலிருந்து முதலில் ஆவியும் பிறகு செந்நிற எரிமலைக் குழம்பும் வெளிவந்தன. அடுத்த சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பிளவுகள் திறந்துகொண்டன; 700க்கும் மேற்பட்ட வீடுகள் குழம்புக்கு அடியில் போயின; கபோஹோ விரிகுடா தூர்ந்துபோனது; அதன் அருகில் இருந்த பழைய நன்னீர் ஏரி ஒன்று சில மணி நேரத்தில் கொதித்து வற்றிக் காணாமல் போனது. அந்நாட்களில் அங்கிருந்தவர்களில் சிலர் வீட்டு வாசலிலும் குழம்பு வரும் வழியிலும் கீ என்னும் செடியின் நீண்ட பச்சை இலைகளை வைத்தார்கள். அது எரிமலைத் தெய்வமான பெலேவுக்குக் காணிக்கை. இந்த நிலம் அவளுடையது, அவள் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று வீடிழந்தவர்களே செய்தியாளர்களிடம் சொன்னார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விரக்திப் பேச்சாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அதே குழம்பு கடலுக்குள் இறங்கி ஏறத்தாழ 875 ஏக்கர் புதிய நிலத்தை உண்டாக்கியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பேச்சில் ஒரு கணக்கு இருப்பது தெரியும்.

பெலேயின் கதை ஒரு பயணக் கதை. கஹிக்கி என்னும் தொலைநாட்டிலிருந்து உடன்பிறந்தாரோடு தோணியேறிப் புறப்பட்ட அவள், தீவுத்தொடரின் வடமேற்குப் பக்கமாக வந்து சேர்கிறாள். முதலில் நீஹாவு, கவாயித் தீவுகளில் கையிலிருந்த தடியால் தோண்டி நெருப்புக்கு இடம் தேடுகிறாள். அவளை விடாமல் துரத்திவரும் அக்காள், கடலின் தெய்வமான நாமாகாவோகஹாயி, குழிக்குள் நீரைப் பாய்ச்சி அணைத்துவிடுகிறாள். ஓஆஹு, மோலோகாய், மாவி என்று தென்கிழக்கே நகர்ந்து, ஒவ்வொரு தீவிலும் அணைந்த குழி ஒன்றை விட்டுவிட்டு, கடைசியில் ஹவாய்ப் பெருந்தீவின் கிலாவேயா எரிமலையில், ஹாலேமாவுமாவு என்னும் குழியில் அவள் குடியமர்கிறாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். லெயிலானிக்கு வந்ததும் அந்த எரிமலைக்குள் இருந்து நிலத்தடியாக ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இறங்கிவந்த பாறைக்குழம்புதான்.

இந்தக் கதையில் தீவுகள் வரும் வரிசையும் நிலவியல் சொல்லும் வயது வரிசையும் ஒன்றே. கவாயிக்கு ஏறத்தாழ 50 லட்சம் ஆண்டு வயது. ஓஆஹுவுக்கு 30 முதல் 40 லட்சம். மாவிக்கு 10 முதல் 20 லட்சம். பெருந்தீவு 10 லட்சம் ஆண்டைக்கூட எட்டவில்லை. 1840ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுப் பயணத்தில் வந்த ஜேம்ஸ் டுவைட் டேனா, வடமேற்கே போகப் போகத் தீவுகள் அதிகமாக அரிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, அவை அந்தத் திசையில் மூப்படைகின்றன என்று எழுதினார். காரணத்தை விளக்கியவர் கனடாவின் டூசோ வில்சன், ஆண்டு 1963. பூமியின் ஆழத்தில் ஏறத்தாழ அசையாமல் நிற்கும் வெப்பப் புள்ளி ஒன்றின் மேலாகப் பசிபிக் புவித்தட்டு வடமேற்கு நோக்கி ஆண்டுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை நகர்கிறது. தட்டு நகர நகர, அடியிலிருந்து எழும் பாறைக்குழம்பு அதைத் துளைத்து வரிசையாக எரிமலைகளை எழுப்புகிறது. வெப்பப் புள்ளியைத் தாண்டிப் போன எரிமலை அணைந்து, மழையாலும் அலையாலும் கரைந்து, தன் எடையாலேயே அமிழ்ந்து, பவளத் திட்டாகி, பின்னர் கடலடிக் குன்றாகி மறைகிறது. ஹவாய்ப் பெருந்தீவிலிருந்து கூரே பவளத்திட்டு வரை 2,400 கிலோமீட்டர் நீளும் தீவுத்தொடர், அதற்கு அப்பால் கடலுக்கடியில் வடக்கே திரும்பி, மொத்தம் ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் போகிறது. வரைபடத்தில் நாம் பார்க்கும் எட்டுப் பெரிய தீவுகள் இந்த நீண்ட வரிசையின் இளைய நுனி மட்டுமே.

தொன்மத்தில் அறிவியல் முன்பே இருந்தது என்று கொண்டாடும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு, ஹவாயிலும் உண்டு. அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். கவாயியில் கை வைத்தால் ஒட்டுகிற செம்மண், அடிவரை வெட்டுண்ட பள்ளத்தாக்குகள், ஆறுகள். பெருந்தீவின் தெற்கில் புல்கூட முளைக்காத கரும்பாறை. இரண்டிலும் பயிர் வைத்துப் பிழைத்தவர்களுக்கு எது பழையது, எது புதியது என்று சொல்ல வேறு கருவி தேவைப்படவில்லை. அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள், பார்த்ததற்குப் பெயர் வைத்தார்கள். கயிறு முறுக்கியதுபோல் வழவழப்பாக இறுகும் குழம்பை 'பாஹோயிஹோயி' என்றும், காலைக் கிழிக்கும் சொரசொரப்பான குழம்பை 'ஆஆ' என்றும் அவர்கள் பிரித்த பிரிவைத்தான் இன்று உலகெங்கும் உள்ள நிலவியலாளர்கள் ஐஸ்லாந்திலும் எட்னாவிலும் அதே சொற்களால் சொல்கிறார்கள். ஹவாயில் நிலத்தின் வயதைப் பிடித்துக்கொண்டு போனால் உணவு, அரசு, சண்டை, வழிபாடு என்று பெரும்பாலானவை அதன் பின்னே வந்துவிடும் என்பதே இக்கட்டுரையின் போக்கு.

வயதுக்கு அடுத்தது காற்று. வடகிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வீசும் வியாபாரக் காற்று மலைகளில் மோதி ஒரு பக்கம் கொட்டுகிறது. மறுபக்கம் மழை மறைவில் காய்கிறது. கவாயித் தீவின் வாயாலேயாலே சிகரத்தில் ஆண்டுக்கு 9,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பெருந்தீவின் மேற்குக் கரையில் உள்ள கவாயிஹாயியில் 250 மில்லிமீட்டர் அளவே கிடைக்கும். அதே பெருந்தீவில் 4,207 மீட்டர் உயர்ந்து நிற்கும் மவுனா கேயாவின் உச்சியில் குளிர்காலத்தில் பனி விழுகிறது. கடலடியிலிருந்து அளந்தால் அந்த மலையின் உயரம் 10,000 மீட்டரைத் தாண்டும். இந்த வேறுபாட்டுக்குள் வாழ்ந்தவர்கள் மழையை வெறும் மழை என்று சொல்லி விட்டுவிடவில்லை. ஹிலோவில் பெய்வது கனிலேஹுவா. மானோவா பள்ளத்தாக்கில் பெய்வது துவாஹினே. இப்படி ஊருக்கு ஊர் மழைக்கும் காற்றுக்கும் நூற்றுக்கணக்கான பெயர்கள் உண்டு. திசை சொல்வதிலும் இதே பழக்கம்தான். ஹொனலூலுவில் இன்றும் ஒருவரிடம் வழி கேட்டால், வடக்கு தெற்கு என்று சொல்வதைவிட, கடையின் 'மவுகா' பக்கம், அதாவது மலைப்பக்கம், அல்லது 'மகாய்' பக்கம், அதாவது கடற்பக்கம் என்று சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். வட்டமான தீவில் இதுவே வசதியும்கூட.

இந்த மக்கள் வந்த வழி நீண்டது. தைவானிலிருந்து கிளம்பிய ஆஸ்ட்ரோனேசிய மொழியினரின் ஒரு கிளை, ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன்பு தொங்கா, சமோவா வரை எட்டியது. அங்கே பல நூற்றாண்டுகள் நின்ற பிறகு, கிழக்கே சொசைட்டித் தீவுகள், மார்க்கேசஸ் தீவுகள் என்று பரவி, கி.பி. 1000 முதல் 1200 வரையிலான காலத்தில் அவர்கள் ஹவாயை அடைந்தனர் என்பதே இன்றைய தொல்லியலாளர் பலரின் கணிப்பு. முன்பு இதைவிடச் சில நூற்றாண்டுகள் முந்திய காலம் சொல்லப்பட்டது. வடக்கே ஹவாய், தென்கிழக்கே ராப்பா நூயி என்னும் ஈஸ்டர் தீவு, தென்மேற்கே மாவோரிகள் அவோதேயாரோவா என்று அழைக்கும் நியூசிலாந்து ஆகிய மூன்று முனைகளைக் கொண்ட பாலினேசிய முக்கோணத்துக்குள் பேசப்படும் மொழிகள் உடன்பிறந்த மொழிகள். மற்ற தீவுகளில் 'த' என்று ஒலிப்பது ஹவாய் மொழியில் 'க' ஆகிவிடும்: மாவோரியின் 'தங்காத்தா' ஹவாயில் 'கனாக்கா', இரண்டுக்கும் மனிதன் என்றே பொருள், விலக்கப்பட்டது என்ற பொருள்படும் 'தப்பு' ஹவாயில் 'கப்பு', பெலே கிளம்பி வந்த 'கஹிக்கி'யும் தஹித்தியே.

தஹித்தியிலிருந்து ஹவாய் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். திசைகாட்டியும் வரைபடமும் இல்லாமல் இதைத் தெரிந்தே கடந்திருக்க முடியாது, காற்றடித்துத் தற்செயலாக ஒதுங்கியவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்ற வாதம் 1950களில் வலுவாக முன்வைக்கப்பட்டது. அதற்கு விடையாகக் கட்டப்பட்டதே ஹோகுலேயா என்னும் இரட்டைத் தோணி. 1975இல் வெள்ளோட்டம் விடப்பட்டு, 1976 மே 1 அன்று மாவியிலிருந்து புறப்பட்ட அது, ஜூன் 4 அன்று தஹித்தியின் பாப்பேயெத்தே துறையை அடைந்தது. வழி காட்டியவர் ஹவாய்க்காரர் அல்லர். அந்தக் கலை ஹவாயில் அற்றுப்போயிருந்ததால், மைக்ரோனேசியாவின் சத்தவால் தீவிலிருந்து மாவ் பியாயிலுக் என்பவரை அழைத்துவந்தனர். அவரிடம் பழகியும் கோளரங்கத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்தும் கற்ற நைநோவா தாம்சன், 1980இல் அதே வழியைத் தானே நடத்திக் காட்டினார். இடையில் 1978இல் தோணி கவிழ்ந்தபோது, உதவி தேடித் தனிப் பலகையில் நீந்திப் போன அலைச்சறுக்கு வீரர் எடி ஐக்காவு திரும்பவில்லை.

வழி காண்பது எப்படி என்பதை ஓரளவு சொல்லிவிடலாம். ஹோகுலேயா என்பது ஒரு விண்மீனின் பெயர். நாம் சுவாதி என்று சொல்வது அதுவே. அது ஹவாய்ப் பெருந்தீவுக்கு நேர் மேலே கடந்து போகும். தெற்கிலிருந்து வருபவர், அந்த விண்மீன் இரவில் உச்சந்தலைக்கு மேல் வரும் வரை வடக்கே ஏறி, பிறகு அந்த அகலாங்கைப் பிடித்துக்கொண்டு மேற்கே திரும்பினால் தீவை எட்டலாம். வானம் மூடியிருந்தால், எங்கோ தொலைவில் எழுந்து ஒரே திசையில் வரும் பேரலைகள் தோணியின் எந்தப் பக்கத்தை முதலில் தூக்குகின்றன என்பதை வழிகாட்டி உடம்பாலேயே உணர்வார். கரை நெருங்குவதை மாலையில் கூடு திரும்பும் வெள்ளை ஆலாக்கள் காட்டிக்கொடுக்கும். தவிரவும், தேடுவது ஒற்றைத் தீவை அல்ல, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்த, முகில் தொட்ட மலைகள் கொண்ட தொடரை. நிலத்தின் அமைப்பே மாலுமிக்கு ஒரு கை கொடுத்தது. இப்படிப்பட்ட இரட்டைத் தோணிகளை ஆங்கிலத்தில் 'கேட்டமரன்' என்கிறார்கள். அது நம் கட்டுமரம். சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவையின் பெயரை வெள்ளைக்கார மாலுமிகள் எடுத்துப் போய், அதற்கு உருவத்தால் உறவே இல்லாத ஒரு பசிபிக் கலத்துக்குச் சூட்டிவிட்டார்கள்.

எந்தக் கண்டத்திலிருந்தும் 3,800 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவில் கிடந்த அந்தத் தீவுகளில் மனிதன் உண்ணத்தக்க செடிகள் மிகக் குறைவு. பறவை, பூச்சி, மரம் எல்லாம் தனித்தே வளர்ந்து வேறெங்கும் காணாத வகைகளாகியிருந்தன. நிலத்தில் நடமாடிய பாலூட்டி வெளவால் ஒன்றே. ஆகவே வந்தவர்கள் சோற்றையும் தோணியிலேயே கொண்டுவந்தார்கள். அந்தப் பட்டியலைப் படிக்கும் தமிழருக்கு வியப்பு வரும்: சேம்பு, வாழை, தென்னை, கரும்பு, மஞ்சள், சீமைப்பலா, நம் நுணாவின் இனமான நோனி. பெரும்பாலானவை தென்கிழக்காசியாவிலும் நியூகினியிலும் தோன்றி, ஒரு பக்கம் நம் தோட்டங்களுக்கும் மறுபக்கம் பசிபிக்குக்கும் போனவை. மஞ்சளை அவர்கள் 'ஓலேனா' என்பர். சாயத்துக்கும் மருந்துக்கும் மட்டுமன்றி, கடல்நீரில் கலந்து தெளித்துத் தீட்டுக் கழிக்கவும் அது பயன்பட்டது. சர்க்கரைவள்ளி மட்டும் எதிர்த்திசையிலிருந்து, தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. பாலினேசியர் அந்தக் கரையையும் தொட்டிருந்தார்கள் என்பதற்கு அதுவே வலுவான சான்றுகளுள் ஒன்று.

இவற்றில் சேம்புக்கு நிகர் வேறில்லை. ஹவாய் மொழியில் அது 'கலோ'. வானத் தந்தை வாகேயாவுக்கும் ஹோவோஹோகுகலானிக்கும் பிறந்த முதல் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. புதைத்த இடத்தில் அது கலோவாக முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவாவே மனித குலத்தின் மூதாதை. எனவே கலோ உணவு மட்டுமன்று, மூத்த அண்ணனும் ஆகும். தாய்க்கிழங்கின் பக்கத்தில் வெடிக்கும் பக்கக்கன்று 'ஓஹா'. குடும்பத்தைக் குறிக்கும் 'ஓஹானா' என்ற சொல் அதிலிருந்து வந்தது. கிழங்கைச் சரியாக வேகவைக்காவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும் என்பது சேப்பங்கிழங்கு சமைத்தவர்கள் அறிந்தது; அதனால் அவர்கள் மண் அடுப்பில் சுட்ட கற்களுக்கிடையே மணிக்கணக்கில் வேகவிட்டனர். பிறகு தோலுரித்து, குழிந்த மரப்பலகையின் இரு தலைப்பிலும் ஆளுக்கொருவராக எதிரெதிரே உட்கார்ந்து, கையில் பிடிக்கும் கல் குழவியால் குத்துவார்கள். ஒட்டாமலிருக்கக் கையை அவ்வப்போது நீரில் நனைத்துக்கொள்வார்கள். நீர் சேர்க்காமல் குத்திய கெட்டிப் பிண்டம் 'பாயியாயி'. அது பல நாள் கெடாது, தோணிப் பயணத்துக்கு உகந்தது. நீர் விட்டுக் கரைத்தால் 'போயி'. எத்தனை விரலால் எடுத்து வாயில் வைக்க முடிகிறது என்பதை வைத்து ஒரு விரல் போயி, இரண்டு விரல் போயி, மூன்று விரல் போயி என்று பதம் சொல்வதுண்டு. இரண்டு மூன்று நாளில் அது புளிக்கும். புளித்ததையே விரும்புகிறவர்கள் உண்டு. போயிக் கிண்ணத்தின் மூடியைத் திறந்து வைத்தபின் அங்கே யாரும் சண்டை போடக் கூடாது என்பது வீட்டு வழக்கம். அண்ணன் முன்னிலையில் தம்பிகள் அடித்துக்கொள்ளலாகாது.

நீர் நிற்கும் வயலில் பயிராகும் கலோவுக்கு ஓர் இயல்பு உண்டு. நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். தேங்கி 25 பாகைக்கு மேல் சூடானால் கிழங்கு அழுகத் தொடங்கும். ஆகவே ஆற்றிலிருந்து 'அவுவாய்' என்னும் வாய்க்காலை வெட்டி, 'லோயி' என்னும் படிக்கட்டு வயல்கள் வழியாக நீரைத் தவழவிட்டு, மீண்டும் ஆற்றிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கீழே கழிமுகத்தில் கல்லால் வளைத்துக் கட்டிய மீன்குளங்களுக்கு அந்தச் சத்து நீர் போய்ச் சேரும். குளத்தின் மதகில் மரக்கம்பிகளாலான 'மாக்காஹா' இருக்கும். விரலளவு மடவைக் குஞ்சுகள் அதன் இடுக்கில் உள்ளே நுழைந்து, தின்று கொழுத்தபின் வெளியேற முடியாமல் நிற்கும். ஓஆஹுவின் ஹேயெயியா குளம் 88 ஏக்கர். அதன் சுற்றுச்சுவர் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1965 வெள்ளத்தில் உடைந்த அந்தச் சுவரை இந்த நூற்றாண்டில் உள்ளூர் மக்களே கல் கல்லாக அடுக்கி மீட்டார்கள். மலையுச்சியிலிருந்து பவளப்பாறை வரை ஒரே கூறாக அறுத்த 'அஹுபுவா' என்னும் நிலப்பிரிவே நிர்வாகத்தின் அடிப்படை. மேலே தோணிக்கு மரம், நடுவே கலோ, கீழே மீன் எல்லாம் ஒரே கூறுக்குள் கிடைக்கும். கார்த்திகை விண்மீன் கூட்டம் மாலையில் கிழக்கே எழும் நவம்பர் வாக்கில் மக்காஹிக்கி காலம் தொடங்கும். ஏறத்தாழ நான்கு மாதம் போர் கிடையாது. ஒவ்வொரு அஹுபுவாவின் எல்லையிலும் விளைச்சலில் ஒரு பங்கு வரியாகக் குவிக்கப்படும். நீருக்கு 'வாய்' என்றும் செல்வத்துக்கு 'வாய்வாய்' என்றும் பெயர் வைத்த மொழி அது.

ஆனால் எல்லாத் தீவும் இப்படி வாழவில்லை. வயது இங்கேதான் குறுக்கிடுகிறது. ஆறு ஓடப் பள்ளத்தாக்கு வேண்டும். பள்ளத்தாக்கு உண்டாக லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். இளைய பாறை சல்லடை போன்றது. எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும். அதனால் கவாயி, ஓஆஹு, மோலோகாய் தீவுகள் கலோ வயல்களால் செழித்தபோது, பெருந்தீவின் கோஹாலாவின் காற்று மறைவுச் சரிவிலும் கோனாவிலும் மக்கள் வானம் பார்த்துச் சர்க்கரைவள்ளி நட்டார்கள். கோஹாலாவில் காற்றைத் தடுக்கக் கட்டிய தாழ்ந்த கல்வரப்புகள் பல்லாயிரம் ஏக்கரில் வரிவரியாக இன்றும் தெரிகின்றன. அங்கும் விளைநிலம் ஒரு குறுகிய பட்டைதான்: கீழே இறங்கினால் மழை போதாது, மேலே ஏறினால் மிகை மழை சத்தைக் கரைத்துக் கொண்டுபோயிருக்கும். தொல்லியலாளர் பாட்ரிக் கிர்ச் இதிலிருந்து ஓர் அரசியல் முடிவுக்கு வருகிறார்: மழையை நம்பிய இளைய தீவுகளில் உழைப்பு அதிகம், உபரி குறைவு, வறட்சி அடிக்கடி, எனவே நிலம் பிடிக்கும் ஆசை கொண்ட தலைவர்கள் அங்கிருந்தே கிளம்பினர். கோஹாலாவில் பிறந்த கமேஹமேஹா 1795இல் ஓஆஹுவைப் போரில் வென்றதும், 1810இல் கவாயி பணிந்ததும் இதற்குப் பொருந்துகின்றன. நிலத்தை மட்டும் வைத்து வரலாற்றை எழுதிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். 1778இல் ஜேம்ஸ் குக் வந்து வழி திறந்தபின் கமேஹமேஹாவிடம் பீரங்கிகளும் அவற்றை இயக்கத் தெரிந்த வெள்ளைக்காரர் இருவரும் இருந்தார்கள்.

குக்கின் கப்பலுக்குப் பின் வந்தவை நோய்கள். லட்சக்கணக்கில் இருந்த மக்கள், 1890 கணக்கெடுப்பில் கலப்பினரையும் சேர்த்து ஏறத்தாழ 40,000 ஆகக் குறைந்திருந்தனர். ஆணும் பெண்ணும் சேர்ந்துண்ணத் தடைவிதித்த கப்பு முறையை 1819இல் அரசி காவஹுமானுவும் இளைய அரசரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு முறித்தார்கள். கிறித்தவ ஊழியர்கள் வந்திறங்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான். 1848இல் மஹேலே என்னும் நிலப் பங்கீடு வந்தது. அரசர், அரசு, தலைவர்கள் என்று பிரித்துக்கொண்டபின், பயிரிட்ட குடிகளின் கைக்கு வந்தது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கரும்பு முதலாளிகள் நிலத்தை வாங்கினர். பிறகு நீரை எடுத்தனர். 1870களிலிருந்து மாவியின் மழைப்பக்க ஓடைகள் மலையைக் குடைந்து வறண்ட பக்கத் தோட்டங்களுக்குத் திருப்பப்பட்டன. ஆற்றுக்குத் திரும்பி வராத நீர் என்பது ஹவாய் நிலம் அதுவரை அறியாதது. கீழே லோயிகள் காய்ந்தன, மீன்குளங்கள் தூர்ந்தன. சீனம், ஜப்பான், போர்த்துகல், கொரியா, பிலிப்பைன்ஸ் என்று கூலிக்கு ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். 1893இல் அரசி லிலியுவோகலானி பதவியிறக்கப்பட்டார். இணைப்பை எதிர்த்து 1897இல் 21,000க்கும் மேற்பட்ட மக்கள் மனுவில் கையெழுத்திட்டும், 1898இல் தீவுகள் அமெரிக்காவுடன் சேர்க்கப்பட்டன. 1959இல் அது மாநிலமானது. இன்று ஹவாய்ப் பூர்வகுடியினரில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே அமெரிக்கப் பெருநிலத்தில் வாழ்கிறார்கள்.

நீரை எடுத்ததன் விலை 2023 ஆகஸ்ட் 8 அன்று மாவியின் லஹாயினாவில் தெரிந்தது. ஒரு காலத்தில் அரசின் தலைநகராக இருந்த அந்த ஊர் மழை மறைவில் இருந்தாலும், பின்னுள்ள மலைகளின் ஓடைகளால் கலோ வயலும் சீமைப்பலாத் தோப்புமாக இருந்தது. அரச குடும்பம் வாழ்ந்த மொகுவுலா ஒரு குளத்தின் நடுவே அமைந்த தீவு. ஓடைகள் கரும்புக்குப் போயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குளம் மண் கொட்டி மூடப்பட்டது. கரும்பாலை 1999இல் மூடியபின் கைவிடப்பட்ட தோட்டங்களில் அயல்நாட்டுப் புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்தது. அன்று அடித்த கடுங்காற்றில் பரவிய தீ, நகரத்தையே எரித்து 100க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. காற்றும் மின்கம்பியும் உடனடிக் காரணங்களாக இருக்கலாம். அங்கே எரிவதற்கு அவ்வளவு இருந்தது ஏன் என்பதற்கு விடை தேட நூற்றைம்பது ஆண்டு பின்னே போக வேண்டும்.

மொழிக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுவே, ஆனால் அது பாதி வழியில் திரும்பியது. கூட்டெழுத்தில்லாத பதின்மூன்று எழுத்துகளில் அடங்கிவிடும் அந்த மொழியில் 1834 முதல் 1948 வரை நூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் வெளிவந்தன. பெலேயின் தங்கை ஹியியாகாவின் நெடும்பயணக் கதை முதலிய பழங்கதைகளும், மரபுப் பாடல்களும், வம்சாவளிகளும் அவற்றில் தொடராக அச்சேறின. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்த மொழியைப் பேசும் சிறுவர்கள், தனியார் தீவான நீஹாவுக்கு வெளியே, விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தனர். 1978இல் மாநில அரசியலமைப்பு அதை ஆட்சிமொழியாக்கியது. 1984இல் 'பூனானா லேயோ' என்னும் மழலையர் பள்ளி கவாயியில் தொடங்கியது. அந்தப் பெயருக்கு மொழிக்கூடு என்று பொருள். அந்த மொழி கற்றவர்கள் பழைய செய்தித்தாள்களைப் படிக்கத் தொடங்கியபோது, நிலத்தைப் பற்றிய செய்திகளும் அவற்றிலிருந்து வெளிவந்தன.

பெருந்தீவின் தென்கிழக்குக் கரையிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் ஒரு கடலடி எரிமலை இருக்கிறது. தொடரின் கடைக்குட்டி அதுதான். 1955இல் நீளமானது என்ற பொருளில் அதற்கு லோயிஹி என்று பெயரிட்டிருந்தார்கள்; 1970இல் அங்கே அடுத்தடுத்து நிகழ்ந்த நிலநடுக்கங்களுக்குப் பிறகே அது உயிருள்ள எரிமலை என்று ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. பழைய செய்தித்தாள்களில் இருந்த பெலே பாடல்களில் ஆழ்கடல் தெய்வமான கனலோவாவின் செந்தழல் குழந்தை ஒன்று வருகிறது. அந்தப் பாடல்களை ஆதாரமாகக் கொண்டு 2021இல் ஹவாய் புவியியல் பெயர்க் குழு அந்த எரிமலையின் பெயரைக் கமாயேஹுவாகனலோவா என்று மாற்றியது. அதன் உச்சி இப்போது கடல்மட்டத்துக்கு 975 மீட்டர் கீழே இருக்கிறது. மேலே வந்து சேரக் குறைந்தது பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். அதற்குள் கவாயி இன்னும் சில கிலோமீட்டர் வடமேற்கே நகர்ந்திருக்கும்.